மணிக்கட்டில் நின்ற கோடு

"கையை மட்டும் மாத்திக் குடுத்தா போதும்மா. மூஞ்சி எப்டினா இருந்துட்டுப் போவட்டும்."

மேசைமேல் இரண்டு கைகளையும் கவிழ்த்து வைத்துக்கொண்டு அந்த அக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. விரல் நுனிகளிலிருந்து புறங்கை முடிகிற இடம் வரை வெளுத்திருந்தது. முட்டிகளில் மட்டும் பழைய நிறம் சில திட்டுகளாக ஒட்டிக்கொண்டிருந்தது. கண்களைச் சுற்றியும் உதட்டோரத்திலும் அதே வெளுப்பு. எங்களிடம் வருகிற எல்லாரும் முகத்தைத்தான் முதலில் காட்டுவார்கள். கல்யாணம், வேலை, போட்டோ என்று எதைச் சொன்னாலும் கடைசியில் முகத்தில்தான் வந்து நிற்பார்கள். முகம் வேண்டாம், கையைப் பாருங்கள் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அப்போது விழுப்புரத்தில் ஒரு தோல் மருத்துவமனையில் ஒளி சிகிச்சை அறை என் பொறுப்பில் இருந்தது. படிப்பை முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வெண்புள்ளிக்காரர்களை வரிசைப்படி உள்ளே அழைப்பது, கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுவது, நேரம் வைப்பது, நோட்டில் எழுதுவது, இவ்வளவுதான் வேலை. எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. ஒருவர் உள்ளே நிற்கும் இரண்டு நிமிடத்தில் நான் நான்கு தடவை கதவுப் பக்கம் போய் வருவேன். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "நோயாளியைவிட உனக்குத்தான் அவசரமா இருக்கு" என்பார். அவர் சொன்னது சரி என்பது பின்னால் தெரிந்தது.

அந்த அக்கா திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு சமைப்பவர். வயது நாற்பது இருக்கும். கணவர் வானூர் பக்கம் சென்ட்ரிங் வேலைக்குப் போய் வாரக் கடைசியில் வருவார். கையில் புள்ளி ஐந்தாறு வருடங்களாகவே இருந்திருக்கிறது. அதுவரை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்தப் பொங்கலுக்குப் பிறகு புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து விரல் முழுக்க வெளுத்துவிட, சில வீடுகளிலிருந்து குழந்தைகள் டிபன் பாக்ஸோடு பள்ளிக்கு வர ஆரம்பித்தார்கள். முதலில் மூன்று பேர், அப்புறம் பதினொரு பேர். சத்துணவு அமைப்பாளர் அவரைக் கூப்பிட்டு, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கை சரியாகியிருந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் பாத்திரம் கழுவுகிற வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை.

"நான் வேலைக்கு வந்த புதுசுலயும் இதே மாரிதான் டப்பா தூக்கிக்கினு வந்துதுங்க பசங்க," என்று ஒருநாள் சொன்னார். "அப்ப வேற காரணம். எங்க தெருவு. அத இப்ப வெளில சொன்னா கேஸாயிடும் இல்ல? அதான் தோலப் புடிச்சிக்கினாங்க." சொல்லும்போது கோபம் இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். நான்தான் கண்ணாடியின் பட்டையைத் தேவையில்லாமல் இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

வாரம் மூன்று நாள் வந்தார். மதியச் சாப்பாடு முடிந்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஊரிலிருந்து திண்டிவனம் வந்து, அங்கே விழுப்புரம் பஸ் பிடித்து, நாலரை மணிக்கு எங்கள் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். மேல்படிகளில் ஏறும்போதே "ஜல்தி விடும்மா, ஆறு மணி வண்டிய வுட்டா பேஜாரு" என்பார். புடவையில் புகை வாசமும் சாம்பார் வாசமும் இருக்கும். கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்திருப்பார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல், இரண்டு சீட்டுக்கு நடுவே முழங்காலை முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்று வருவாராம். கம்பியைப் பிடித்தால் பக்கத்தில் பிடித்திருக்கிற கை விலகும், அதைப் பார்க்கப் பிடிக்காது என்றார்.

சிகிச்சை பார்ப்பதற்குச் சாதாரணமானது. பீரோ போன்ற ஒரு கூண்டு. உள்பக்கச் சுவரெல்லாம் நீளநீளமான ட்யூப் லைட்டுகள். கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளே நின்றால் ஊதா கலந்த நீல வெளிச்சம் உடம்பில் படும். கைகளுக்குத் தனியாகச் சிறு பெட்டி ஒன்று உண்டு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தடித்த கறுப்புத் துணியைச் சுற்றிவிட்டு, அதற்குள் கைகளை நீட்டி வைக்க வேண்டும். வெளிச்சத்தில் இருக்கிற பலவகைக் கதிர்களில் ஒரே ஒரு வகையை மட்டும் பிரித்து அந்த விளக்குகள் தருகின்றன. தூங்கிப்போன நிறத்தை அது தட்டி எழுப்பும் என்று டாக்டரம்மா எளிமையாகச் சொல்வார். முதல் நாள் விநாடிக் கணக்கில் ஆரம்பித்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். "போன தடவை செவந்துச்சா? எவ்ளோ நேரம் இருந்துச்சு?" என்று கேட்ட பிறகுதான் அன்றைய நேரத்தை வைக்க வேண்டும். லேசாகச் சிவந்து மறுநாள் போய்விட்டால் சரி. தங்கினால் ஏற்றக்கூடாது. அவசரம் என்ற வார்த்தைக்கே அங்கே இடம் கிடையாது.

அக்காவுக்கு வெளிச்சம் புதிதல்ல. எங்களிடம் வருவதற்கு முன்னால் கண்டாச்சிபுரம் பக்கம் யாரோ கார்போகரிசி விதையை அரைத்துக் கொடுத்து, அதைத் தடவிக்கொண்டு வெயிலில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். மொட்டை மாடியில் மல்லாட்டைக் கடலை காய்கிற இடத்துக்குப் பக்கத்தில் கைகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்றாம் நாள் கொப்புளம். மீனை நிறுத்து, மோரை நிறுத்து, எலுமிச்சை தொடாதே என்று ஊரில் ஆளாளுக்குச் சொன்னதையும் கேட்டு, இரண்டு வருடம் வாய்க்கு ருசியாக ஒன்றும் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். டாக்டரம்மா சிரித்து, "எல்லாத்தையும் சாப்பிடுங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்று சொன்ன அன்றைக்கு, போகிற வழியில் எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்று வாங்கிப் பஸ்ஸிலேயே விரலால் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டு போனதாக அடுத்த முறை வந்து சொன்னார்.

ஏப்ரலில் முகத்தில் நிறப் புள்ளிகள் வந்தன. கண்ணுக்குக் கீழே வெளுத்திருந்த இடத்தில் கேப்பையைத் தூவியதுபோலச் சின்னச் சின்னதாகப் பழுப்பு. மயிர்க்கால்களிலிருந்துதான் நிறம் திரும்பும். ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகி, பக்கத்துப் புள்ளியைத் தொட்டு, கடைசியில் மூடிவிடும். நான் துள்ளிக்கொண்டு போய்க் கைக்கண்ணாடி எடுத்துவந்தேன். அக்கா அதில் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்ணாடியை மேசையில் கவிழ்த்துவிட்டுக் கைகளை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"விரல்ல மயிர்க்கால் கிடையாது, புறங்கையிலயும் ரொம்பக் கம்மி. நிறம் எங்கேருந்து வரும்? கைக்கு ரொம்ப நாளாகும். சிலருக்கு வராமலே போயிடும். முதல் நாளே சொன்னேனேம்மா," என்றார் டாக்டரம்மா.

"சொன்னீங்க. ஆனா ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்துடுமே டாக்டரம்மா."

வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "நான் கேட்டது ஒண்ணு, இது குடுக்கிறது ஒண்ணு" என்றார்.

மே மாதம் அவருக்கு விடுமுறை. காலையிலேயே வந்துவிடுவார். அவருடைய முறை வரும்வரை உட்காராமல் வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பார். நானும் உள்ளே நடந்துகொண்டிருப்பேன். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு பேர் நடப்பதைப் பார்த்துக் காத்திருப்பவர்கள் சிரித்ததுண்டு. அப்போதுதான் கேட்க ஆரம்பித்தார். "ஒரு ரெண்டு நிமிஷம் சேத்து வெய்யேன்." முடியாதுக்கா என்றேன். அடுத்த முறையும் கேட்டார். அடுத்த முறையும். "நெல்லுக்கு ஒரு நாள் கூட வெயில் காட்டினா கெட்டா பூடுது? நாந்தான் தாங்கிக்கிறேன்னு சொல்றேனே." ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டு, பெட்டிக்குள் கையை வைத்தபடி அழுதார். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை வெளியே இல்லை.

நான் மூன்று நிமிடத்துக்குப் பதிலாக ஏழு நிமிடம் வைத்தேன்.

இரக்கம்தான் காரணம் என்று நெடுநாள் எனக்கே சொல்லிவந்தேன். முழுக்க இரக்கம் இல்லை. அவர் அழுவதை நின்று பார்க்க என்னால் முடியவில்லை. அந்தக் காட்சி சீக்கிரம் முடிய வேண்டும் என்று இருந்தது. கை மாறிவிட்டால் அந்தப் பெருமை எனக்கு என்ற ஆசையும் ஒரு மூலையில் இருந்தது. பீப் சத்தம் கேட்டதும் அவர் கைகளை எடுத்து, "இதான் வைத்தியம்" என்று சிரித்தார். நோட்டில் நான் மூன்று நிமிடம் என்று எழுதினேன்.

அடுத்த முறை அவர் வரவில்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த மூன்று நாட்கள் வீட்டில் ஒரு வேலை ஓடவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன், பொங்கி வழிந்தது. நான்காம் நாள் வந்தார். இரண்டு கைகளும் வீங்கி, விரல்களை மடக்க முடியாமல், கொப்புளங்கள் நீர் கோத்து நின்றன. நேராக டாக்டரம்மா அறைக்குள் போனார். என் பக்கம் திரும்பவில்லை.

டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். நான் கொண்டுபோய் வைத்தேன். விரல் வைத்துக் கடைசி வரியைப் படித்தார்.

"எப்படி ஆச்சு?"

அக்கா முந்திக்கொண்டார். "நாந்தான் டாக்டரம்மா. புத்தி கெட்டுப் போயி மாடில வெயில்ல கைய நீட்டிக்கினு உக்காந்தேன். சீக்கிரம் வரும்னு நெனச்சேன்."

டாக்டரம்மா அவரைத் திட்டினார். நாலு மாதப் பாடு வீண், புண்ணான இடத்திலெல்லாம் புதிதாக வெளுக்கலாம், இனி ஒரு மாதம் விளக்குப் பக்கமே வரக்கூடாது என்று உரக்கவே சொன்னார். அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் நோட்டைத் திரும்ப எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்க எத்தனை தடவை முயன்றேன் என்று நினைவில்லை. திறக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். பள்ளி திறந்த அன்று அவர் கட்டுப் போட்ட கைகளோடு சமையல் கூடத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தாராம்.

பத்து நாள் கழித்து நான் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"கொப்புளம் மணிக்கட்டுல அளந்து வச்ச மாதிரி கோடு போட்டு நின்னுச்சே, பார்த்தியா? வெயில் அப்படி நிக்காது. அது நீ சுத்துற துணியோட விளிம்பு. நீயா சொல்றியான்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

ஒரு மாதம் என்னை இயந்திரத்திலிருந்து எடுத்துச் சீட்டு போடுகிற இடத்தில் உட்கார வைத்தார். "அந்தம்மா வரும்போது நீயே அவங்ககிட்ட சொல்லு" என்றார்.

ஜூலையில் வந்தார், ஆனால் சிகிச்சைக்காக அல்ல. உடன் ஒரு பெண்ணும், இரண்டாம் வகுப்புப் படிக்கிற அவளுடைய மகளும். குழந்தையின் கன்னத்தில் வெளிறிய வட்டம் ஒன்று. ஊரில் தீப்பிடித்ததுபோல ஆகிவிட்டது. சத்துணவுக்காரியிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டது, பாத்திரம் கழுவக்கூட அவள் வரக்கூடாது என்று பள்ளிக்கூட வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அக்கா அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், "என் மூலமா வந்துதா இல்லியான்னு டாக்டர் சொல்லட்டும். வந்துதுன்னு சொல்லிட்டா நானே நின்னுக்கிறேன்" என்று சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார். பஸ்ஸில் அந்தப் பெண் மூன்று சீட்டு தள்ளித்தான் உட்கார்ந்து வந்தாளாம்.

டாக்டரம்மா ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கச் சொன்னார். கைவிளக்கு ஒன்று உண்டு. அதன் கருநீல வெளிச்சத்தில் வெண்புள்ளி மட்டும் தனியாகத் தெரியும். "உங்க கையை இவ கன்னத்துக்குப் பக்கத்துல கொண்டாங்க" என்றார். அக்கா தயங்கி, தாயைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். விளக்கு எரிந்தது. அக்காவின் கை இருட்டுக்குள் நீலம் பூத்த வெள்ளையாகச் சுடர்விட்டது. குழந்தையின் கன்னத்தில் ஒன்றும் இல்லை.

"நீயும் கையை நீட்டு" என்றார் என்னிடம். நீட்டினேன். கறுப்பாகவே கிடந்தது.

"இந்தப் பொண்ணு நாலு மாசமா இவங்க கையைத் தொட்டுத்தான் துணி சுத்திச்சு. இவளுக்கு ஒட்டுச்சா? குழந்தைக்கு வந்திருக்கிறது வறட்சியில வர்ற தேமல். தேங்கா எண்ணெய் தடவினாலே போயிடும். அப்படியே வெண்புள்ளியா இருந்தாலும் சாப்பாட்டுலயும் வராது, தொட்டாலும் வராது."

அந்தத் தாய் குழந்தையின் கன்னத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "எல்லாரும் சொன்னாங்கன்னு நானும் சொன்னேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். டாக்டரம்மா இதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அவள் கையில் கொடுத்தார். அக்கா கையில் கொடுக்கவில்லை. "நீங்களே கொண்டுபோய் பள்ளிக்கூடத்துல குடுங்க" என்றார்.

படியிறங்கும்போது அக்காவை நிறுத்தினேன். தாயும் குழந்தையும் கீழே போய்விட்டார்கள். டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், மன்னிச்சிடுங்கக்கா என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார், நானும் அழுவேன் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். அவர் முகம் சுருங்கியது.

"உன்ன யாரு சொல்லச் சொன்னது? உன் வேல போயிடக் கூடாதேன்னு அவ்ளோ திட்டு வாங்கிக்கினேன். இப்ப டாக்டரம்மா கண்ணுக்கு நான் பொய் பேசுறவ. ஒனக்கு மனசு லேசாவணும்னு சொல்லிட்ட. என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

பதில் வருமென்று நிற்கவில்லை. ஆறு மணி வண்டிக்காக இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு சிகிச்சைக்கும் வரவில்லை.

மூன்று வருடங்கள் ஆகின்றன. இப்போதும் நான் அதே அறையில்தான் இருக்கிறேன். டாக்டரம்மா இப்போது கையில் வெளுத்த இடத்தில் உடம்பின் வேறு இடத்துத் தோலின் செல்களை எடுத்து வைத்து, பிறகு வெளிச்சம் கொடுக்கிற சிகிச்சைக்கும் ஆட்களை அனுப்புகிறார். சிலருக்குக் கையிலும் நிறம் வருகிறது. அதைச் சொல்லலாமே என்று எத்தனையோ முறை போனை எடுத்து வைத்துவிட்டேன். போன மாதம் திண்டிவனத்தில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போன நான், எனக்கே யோசிக்க நேரம் கொடுக்காமல் அக்காவின் ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். சமையல் கூடத்தில் பெரிய அண்டாவுக்கு முன்னால் அவர்தான் நின்றிருந்தார். முகம் முழுக்க நிறம் மூடி, புள்ளி இருந்த அடையாளமே இல்லை. கைகள் முழு வெள்ளை. புறங்கையைத் தாண்டி, மணிக்கட்டில் நான் சுற்றிய துணியின் விளிம்பு வரை வெளுப்பு ஏறி, அங்கே நேராக வெட்டியதுபோல நின்றிருந்தது. முதலில் அந்தக் கோடு அங்கே இல்லை. அது நான் போட்டது.

"வாம்மா" என்றார், முந்தாநாள் பார்த்தவளைப் போல. "உக்காரு. சோறு வடிக்கணும்."

புதிய சிகிச்சையைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே உட்கார்ந்து முட்டைகளை உரித்தார்.

"எனக்கு எதுக்கு இனிமே? அந்தப் பொம்பள அந்தச் சீட்டக் கொண்டாந்து குடுத்துச்சு. எல்லாப் புள்ளயும் துன்னுது. இன்னும் ரெண்டு மட்டும் டப்பா தூக்கிக்கினு வருது. வரட்டும்." அடுத்த முட்டையைத் தட்டிக்கொண்டே, "இன்னும் அந்த லைட்டு ரூம்லதான் இருக்கியா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"யாருனா சேத்து வைன்னு கேட்டா என்னா சொல்ற?"

"முடியாதுன்னு சொல்லுவேன்."

"அழுதா?"

"அழுதாலும் முடியாதுன்னுதான் சொல்லுவேன்."

உரித்த முட்டையைத் தண்ணீரில் அலசிப் பாத்திரத்தில் போட்டார்.

"எனக்கும் அப்டி சொல்லியிருக்கலாம்," என்றார்.

மணி அடித்தது. தட்டுகளோடு குழந்தைகள் ஓடிவரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து, கரண்டியை எடுத்துக்கொண்டு அண்டாவின் பக்கம் போனார்.